உள்ளடக்கமே முகவரியாகும் பேழை

ஏடு பெயர்த்தெழுதிய நாளில் படிக்குப் படி பாடவேறுபாடு புகுந்தது. கணிப்பொறி வந்த பின்னரும் அவ்விடர் முற்றும் நீங்கவில்லை. அரிமளத்தில் எங்கள் வீட்டுப் பரணிலிருந்த சீறாப்புராணப் பழம்பதிப்பைக் கொண்டு, விடுமுறையொன்றில் சில படலங்களைத் தட்டெழுதினேன். நாளடைவில் 'இறுதி', 'இறுதி இரண்டு', 'திருத்தியது' என மூன்று கோப்புகள் சேர்ந்தன. அவற்றுள் உண்மையில் திருத்தம் பெற்றது எது? இரண்டு நாள் வரிவரியாக ஒப்பிட்டும் ஐயம் தீரவில்லை. கோப்புக்குப் பெயரிட்டவன் நானே. ஆயினும் அப்பெயருக்கும் உள்ளிருக்கும் பாடத்துக்கும் எத்தொடர்பும் இல்லை.

பெயரை உள்ளடக்கத்திலிருந்தே பெறும் முறை ஒன்று உண்டு. 2005 ஏப்ரலில் லினக்ஸ் மூலநிரலைப் பேணும்பொருட்டு லினஸ் டோர்வால்ட்ஸ் ஆக்கிய 'கிட்' என்னும் மென்பொருளின் அடித்தளம் அதுவே. நிரல் எழுதுவோர் அதனைத் திருத்த வரலாறு காக்கும் கருவியாகவே அறிவர். வரலாற்றை ஒதுக்கிவிட்டு நோக்கின், அஃது ஒரு சேமிப்புப் பேழையே ஆகும்.

கோப்பொன்றை அதனுள் இடுங்கால், 'ஷா-1' என்னும் கணக்கீடு அதன் ஒவ்வொரு பைட்டையும் உட்கொண்டு 40 குறிகளாலான பெயரொன்றைத் தருகிறது. முதல் இரு குறிகள் அடைவின் பெயர். எஞ்சிய 38 கோப்பின் பெயர். ஒற்றெழுத்து ஒன்று மாறினும் பெயர் முழுதும் மாறிவிடும். ஒரே பாடத்தைப் பத்து முறை இட்டாலும் ஒருமுறையே சேமிக்கப்படும். பின்னொரு நாள் மீண்டும் கணக்கிட்டுப் பெயர் ஒவ்வாதெனின், உள்ளே சிதைவு நேர்ந்துள்ளது என்று தெளியலாம்.

சீறாப்புராணத்தையே சான்றாகக் கொள்வோம். காண்டங்கள் 3, படலங்கள் 92, பாடல்கள் 5,027. படலம் ஒவ்வொன்றும் ஒரு கோப்பு எனின், காண்டம் என்பது தன் படலங்களின் பெயர்ப்பட்டியல். அப்பட்டியலைக் கணக்கிட்டுப் பெறுவது காண்டத்தின் பெயர். ஹிஜ்றத்துக் காண்டத்தில் ஓரெழுத்தைத் திருத்தினால் அப்படலமும், அக்காண்டமும், நூல் முழுமையும் புதுப்பெயர் பெறும். விலாதத்துக் காண்டமும் நுபுவ்வத்துக் காண்டமும் பழைய பெயரோடு அசையாமல் நிற்கும். பழைய பாடமும் அழியாது. பதிப்பாசிரியர்க்கு இதனினும் வேண்டுவது யாது?

'ஹேஷ்-ஆப்ஜெக்ட்' என்னும் கட்டளையால் இட்டு, 'கேட்-ஃபைல்' என்பதால் எடுக்கலாம். திருத்த வரலாறு எழுத வேண்டுவதில்லை. ஆயின் எச்சரிக்கை ஒன்று. எந்தச் சுட்டும் இல்லாது கிடக்கும் பொருளைக் குப்பையெனக் கருதி, ஏறத்தாழ இரு வாரங்கட்குப் பின் கிட் துப்புரவின்போது நீக்கிவிடும். ஆகவே மனிதர் இடும் அடையாளச்சீட்டு ஒன்றேனும் வேண்டும். சுவடிகளின் பெரும் நிழற்படங்களுக்கும் இப்பேழை ஏற்றதன்று. சிறு மாற்றத்துக்கும் படம் முழுவதும் மறுபடி சேரும்.

இரு வேறு பொருள்கட்கு ஒரே பெயர் வாராதா? 2017இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளரும் கூகுள் நிறுவனத்தாரும் ஷா-1இல் அவ்வாறு ஒரு மோதலைச் செய்து காட்டினர். அவ்வகைத் தாக்குதலைக் கண்டறியும் ஏற்பாட்டைக் கிட் அவ்வாண்டே மேற்கொண்டது. வலிமை மிக்க 'ஷா-256' முறைக்கும் பின்னர் வழி செய்தது. நம்போன்றோர்க்கு இதனால் அச்சமில்லை.

தமிழுக்கு உரிய இடர் வேறு. யூனிக்கோடில் 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். எகரக் குறியும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடில்லை, பைட்டு வேறு, ஆதலின் பெயரும் வேறு. பேழை பொருளறியாது, பைட்டையே அறியும். பழைய டிஸ்கி முறையில் உள்ள கோப்புகளுக்கும் இந்நிலையே. எனவே இடுமுன் குறியீட்டை ஒருமைப்படுத்துதல் இன்றியமையாதது.

என் மூன்று கோப்புகளையும் இட்டபோது மூன்று பெயர்கள் வந்தன. அவற்றுள் ஒன்று வேறு மென்பொருளின் வழியே மாற்றிச் சேமித்தது என்பது பின்னரே நினைவுக்கு வந்தது. குறியீட்டை ஒருமைப்படுத்தி மீண்டும் இட்டேன். 'இறுதி', 'இறுதி இரண்டு' இரண்டுக்கும் ஒரே பெயர்! எஞ்சிய ஒன்றை மட்டும் அச்சுப்பதிப்போடு ஒப்பிட, ஒரு பிற்பகல் போதுமானதாயிற்று.