விண்ணிலிருந்து வந்தவை – 6: கற்கள் கிடைத்த தேசங்களின் படம்

சென்ற இதழில், விண்கல் ஒன்று வாயுமண்டலத்தின் ஊடே இறங்கும்போது அதன் மேற்புறம் உருகி எவ்வாறு கரிய ஓடாக உறைகிறது என்பதைக் கண்டோம். அவ்வாறு இறங்கி மனிதர் கைக்குக் கிடைத்த கற்களையெல்லாம் உலகப் படத்தில் புள்ளி புள்ளியாகக் குறித்துக்கொண்டே போனால், அந்தப் படம் என்ன உருவம் கொள்ளும் என்பதே இவ்வாரத்து விஷயம். விண்கல் ஆராய்ச்சியாளர்களின் சர்வதேசச் சங்கம் பராமரித்துவரும் பதிவேட்டில் இன்று 70,000-க்கும் மேற்பட்ட கற்கள் இடம்பெற்றிருக்கின்றன. அவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை, நிலையான குடிகள் எவரும் இல்லாத அண்டார்க்டிகாவில் கிடைத்தவை. சஹாராவிலும், ஓமானிலும், சிலி தேசத்து அட்டகாமாவிலும், ஆஸ்திரேலியாவின் நல்லர்பார் சமவெளியிலும் புள்ளிகள் அடர்ந்து கிடக்க, அமேசான் காடும் காங்கோ வனமும் ஏறக்குறைய வெறுமையாகவே காட்சியளிக்கின்றன.

வானத்துக்குப் பாலைவனங்களின்மேல் தனிப் பிரியம் ஏதும் இல்லை. துருவப் பிரதேசங்களில் விழும் கற்கள் பூமத்திய ரேகையை ஒட்டி விழுவனவற்றைவிடக் குறைவு என்றே கணிதம் சொல்கிறது. அங்ஙனமாயின், குறைவாக விழும் இடத்தில் மிகுதியாகவும், மிகுதியாக விழும் இடத்தில் குறைவாகவும் கற்கள் கிடைப்பதற்குக் காரணத்தை வானத்தில் தேடிப் பயனில்லை. நிலத்திலும், அந்த நிலத்தில் நடமாடிய மனிதரிடத்திலுமே தேட வேண்டும்.

விழக் கண்டு உடனே எடுக்கப்பட்ட கற்களை மாத்திரம் பிரித்துக் குறித்தால் படம் முற்றிலும் மாறிவிடுகிறது. உலகம் முழுவதற்குமாக ஆயிரத்துச் சொச்சமே உள்ள அந்தப் புள்ளிகள் ஐரோப்பாவிலும், கங்கைச் சமவெளியிலும், ஜப்பானிலும், அதாவது ஜனங்கள் நெருங்கி வாழும் இடங்களிலெல்லாம் திரண்டு நிற்கின்றன. 1798 டிசம்பரில் காசிக்கு அருகில் விழுந்த கற்களும், 1865 ஆகஸ்டில் பீகாரின் ஷெர்காட்டியில் விழுந்து, பின்னாளில் செவ்வாய்க் கிரகத்துக்கு உரியதென நிர்ணயிக்கப்பட்ட கல்லும் இவ்வகையைச் சேர்ந்தவை. பார்ப்பதற்கு ஆள் இருந்தமையால் அவை சரித்திரத்தில் ஏறின.

இத்தகைய படத்துக்கு வித்திட்டவர் ழான் பாப்டிஸ்ட் பியோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. 1803 ஏப்ரல் 26 அன்று நார்மண்டியில் லெக்ல் என்ற ஊரைச் சூழ்ந்து இரண்டாயிரம், மூவாயிரம் கற்கள் விழுந்தன என்ற செய்தி எட்டியதும், அதை விசாரித்து வரும்படி அரசாங்கம் அவரை அனுப்பியது. கல் வானத்திலிருந்து விழும் என்பதைக் கற்றறிந்தோர் பலர் ஏற்காத காலம் அது. பியோ கிராமம் கிராமமாகச் சென்று, குடியானவர், குருமார், தொழிலாளர் எனப் பலதரத்தாரின் சாட்சியத்தையும் ஒப்பிட்டு, கற்கள் விழுந்த இடங்களைப் படத்தில் வரைந்தார். அவை சுமார் பத்துக் கிலோமீட்டர் நீளமும் நான்கு கிலோமீட்டர் அகலமும் உள்ள நீள்வட்டத்துள் அடங்கின. கனத்த கற்கள் அதன் ஒரு முனையிலும், சிறியவை மறு முனையிலுமாகக் கிடந்தன. ஒருவரையொருவர் அறியாத ஊரார் பலர் கூடிப் பொய் சொல்லி இத்தகைய ஒழுங்கை உண்டாக்க இயலாது. வாதப் பிரதிவாதங்களால் தீராத வழக்கை ஒரு படம் தீர்த்துவைத்தது.

அமெரிக்காவின் கான்ஸாஸ் மாநிலம் மற்றோர் உண்மையை விளக்கும். கல் அரிதான அந்த மண்ணில் ஏர் முனையில் இடறிய கரிய கனமான கற்களை எலைஸா கிம்பர்லி என்ற குடியானவப் பெண்மணி, அயலார் நகைத்ததைப் பொருட்படுத்தாமல் ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்தார். 1890-இல் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் வந்து பார்த்து அவை விண்கற்களே என்று உறுதி செய்தார். பிற்காலத்தில் ஹார்வி நினிங்கர் என்பவர் ஊர் ஊராகச் சென்று, விண்கல்லின் லக்ஷணங்களைக் குடியானவர்களுக்குக் கற்பித்தார். அவர் கற்பித்த பிரதேசங்களிலெல்லாம் புள்ளிகள் பெருகின. அங்கே புதிதாக விழுந்தது அறிவேயன்றிக் கற்கள் அல்ல.

அண்டார்க்டிகாவின் கதை இதனினும் விந்தையானது. 1912-இல் ஆஸ்திரேலிய யாத்திரைக் குழுவினர் முதற்கல்லைக் கண்டெடுத்த பின்னர், அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரு சில கற்களே கிடைத்தன. 1969 டிசம்பரில் ஜப்பானியக் குழு ஒன்று யமாட்டோ மலைகளருகே, நீலப் பனிக்கட்டிப் பரப்பில், ஒன்பது கற்களைக் கண்டது. ஒரே விழுகையில் வந்தவையாயின் அவை ஒரே இனமாக இருந்திருக்க வேண்டும். பரிசோதித்தபோதோ அவை பல இனத்தனவாக இருந்தன. வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு இடங்களில் விழுந்து பனியில் புதையுண்ட கற்களை, மெல்ல நகரும் பனிப்படலம் சுமந்துவந்து மலையில் முட்டி நிற்க, அங்கே வீசும் வறண்ட கடுங்காற்று மேற்பனியை அரித்து ஆவியாக்க, ஆயிரமாயிரம் ஆண்டுகளின் சேமிப்பு வெளிப்படுகிறது என்பது பின்னர் விளங்கிற்று. செவ்வாயிலிருந்து வந்த பிரசித்தி பெற்ற கல்லொன்று 1984-இல் ஆலன் ஹில்ஸ் பகுதியில் இவ்விதமே அகப்பட்டது.

ஆகவே ஒரு புள்ளி படத்தில் ஏற வேண்டுமாயின், கல்லை அழியாமல் காக்கும் வறண்ட நிலமும், அதைக் காட்டிக்கொடுக்கும் வெளிறிய பின்னணியும், அதை இன்னதென்று அறியும் கண்ணும் ஒருங்கே வாய்க்க வேண்டும். காங்கோவின் ஈரமண்ணில் விழும் கல்லோ, இரும்பு துருவேறி, தாதுக்கள் சிதைந்து, மண்ணோடு மண்ணாகிவிடுகிறது.

இந்தப் படத்தை நாடுவோர்க்கு இன்று இரு கவலைகள் உண்டு. சஹாராவில் பொறுக்கப்பட்டு மொராக்கோவின் சந்தைகளுக்கு வரும் ஆயிரக்கணக்கான கற்கள், கிடைத்த இடம் இன்னதென்று தெரியாமையால், ‘வடமேற்கு ஆப்பிரிக்கா’ என்ற பெயரும் ஓர் எண்ணும் மாத்திரம் பெற்றுப் பதிவாகின்றன. எந்த நீள்வட்டத்தின் எந்த முனையைச் சேர்ந்தவை என்பதை இனி எவரும் சொல்ல இயலாது. அண்டார்க்டிகாவின் பனிப்பரப்பில் இன்னும் மூன்று லக்ஷம் கற்களுக்கு மேல் இருக்கலாம் என்று 2022-இல் ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டார்கள். உலகம் வெப்பமடைந்துவருவதால், வெயிலில் சூடேறும் அக்கரிய கற்கள் தம் அடியிலுள்ள பனியை உருக்கிக்கொண்டு, ஆண்டுக்குச் சுமார் 5,000 வீதம் கண்ணுக்கு மறைகின்றன என்பது 2024-இல் வெளியான கணிப்பு. பூமி பிறப்பதற்கு முன்னரே உருவான பொருள்கள் அவற்றுள் உள்ளன; வேறெந்த நூலிலும் கிடைக்காத ஆதிசரித்திரம் அவற்றில் அடங்கியிருக்கிறது. எனவே, கல்லை எடுப்பவர் எடுத்த இடத்தைக் குறித்துவைப்பதும், எடுக்கத்தக்க கற்கள் மறையுமுன் தேசங்கள் கூடி யாத்திரைகளை அனுப்புவதும் நம் தலைமுறையின் கடமைகளாகின்றன.

விழும் நெருப்புக்கோளத்தைப் புகைப்படக் கருவிகளின் துணையால் தொடர்ந்து, கல் கிடக்கும் வயலைக் கணக்கிட்டுச் சொல்லும் முறையை அடுத்த இதழில் காண்போம்.

(தொடரும்)