கழுவினால் செத்துப்போகும் மணல்

ஆண்டாய்வு நெருங்கும்போது பள்ளிகளில் நடக்கும் வேலைகளுள் ஒன்று மீன் தொட்டியைச் சுத்தம் செய்வது. மீன்களை வாளிக்கு மாற்றுகிறோம். அடியில் கிடக்கும் மணலை அள்ளி, தெளிந்த நீர் வரும்வரை குழாயடியில் கழுவுகிறோம். மணலை மீண்டும் பரப்பி, புதுத் தண்ணீர் நிரப்பி மீன்களை விடுகிறோம். தொட்டி பளிச்சென்று இருக்கிறது. ஆனால் சில நாள்களில் மீன்கள் நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திணறுகின்றன. ஒன்றிரண்டு செத்து மிதக்கின்றன. 'தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை' என்று மாணவர்களிடம் சொல்லிவிடுகிறோம்.

பெரும்பாலும் காரணம் மணலில் இருக்கிறது. அழுக்கோடு சேர்த்து, அந்தத் தொட்டியை உயிரோடு வைத்திருந்த நுண்ணுயிரிகளையும் நாம் கழுவி ஊற்றிவிட்டோம்.

மணலுக்குள் நடக்கும் வேலை

மீனின் கழிவும் தின்னாமல் விட்ட தீனியும் அழுகும்போது அம்மோனியா உண்டாகிறது. மீன்கள் செவுள் வழியாகவும் அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. இது மீனுக்கு நஞ்சு. மணல் துகள்களின் மேல் ஒட்டி வாழும் ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், வேறொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் கொடியதே. நைட்ரேட் அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. ரஷ்ய நுண்ணுயிரியலாளர் செர்கெய் வினோகிராட்ஸ்கி 1890-ஆம் ஆண்டையொட்டி இந்த பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார். நைட்ரஜன் சுழற்சி என்று கரும்பலகையில் நாம் அம்புக்குறி போட்டு விளக்குவது இதைத்தான்.

இந்த பாக்டீரியாக்கள் மெதுவாகப் பெருகுபவை. புதிய தொட்டியில் அவை போதுமான அளவு பெருகப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். குழாய் நீரில் கிருமி நீக்கத்துக்காகக் கலக்கும் குளோரின், கெட்ட கிருமி நல்ல கிருமி என்று பார்ப்பதில்லை. அந்த நீரில் மணலை அலசினால் பல வாரங்களாக வளர்ந்த பாக்டீரியா ஒரே நாளில் அழிகிறது. மீன்கள் மட்டும் வழக்கம்போல் அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கின்றன.

கடல் கற்றுத்தரும் பாடம்

போடிநாயக்கனூருக்கு மேலே மலையில் பிறக்கும் கொட்டக்குடி ஆறு தேனி அருகே வைகையில் கலக்கிறது. வைகை இராமநாதபுரம் மாவட்டத்தின் ஆற்றங்கரை என்னும் ஊரருகே பாக் விரிகுடாவைத் தொடுகிறது. அங்கிருந்து சற்றுக் கிழக்கே மண்டபம். அதன் தெற்கே மன்னார் வளைகுடா. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளத்திட்டுகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன.

கொட்டக்குடி ஆற்று மணல் மலைப்பாறை உடைந்து வந்தது. பவளத்திட்டு மணலில் பெரும்பகுதி உயிர்களிடமிருந்து வந்தது. பவளத் துணுக்கு, சிப்பி, சங்கு ஆகியவற்றின் பொடி அது. இறந்த பவளத்தின் மேல் படர்ந்த பாசியைக் கிளி மீன்கள் சுரண்டித் தின்னும்போது உட்செல்லும் சுண்ணாம்பும் மணலாகவே வெளிவருகிறது.

இந்த மணலைத் துப்புரவு செய்ய அங்கே யாரும் வாளி தூக்குவதில்லை. கடல் அட்டை மணலை விழுங்கி, அதிலுள்ள மக்கிய பொருள்களைச் செரித்து, மணலைத் திரும்ப வெளியே தள்ளுகிறது. மணலில் புதைந்து வாழும் புழுக்களும் நத்தைகளும் நண்டுகளும் மேலடுக்கைக் கிளறிக்கொண்டே இருக்கின்றன. அதனால் மேல் மணலுக்கு ஆக்சிஜன் கிடைக்கிறது. ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில் வேறுவகை பாக்டீரியாக்கள் நைட்ரேட்டிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு நைட்ரஜனை வாயுவாக வெளியே விடுகின்றன.

நம் மலைச்சரிவு மாணவர்களுக்கு இதை விளக்க நல்ல உவமை வீட்டருகிலேயே இருக்கிறது. ஏலத் தோட்டத்தில் நிழல் மரங்களின் சருகு தரையை மூடிக் கிடக்கிறது. மண்புழுவும் பூஞ்சையும் பாக்டீரியாவும் அதை மக்கவைத்து உரமாக்குகின்றன. சருகை முழுக்கக் கூட்டி அள்ளிவிட்டால் தரை சுத்தமாகத் தெரியும். ஆனால் அடுத்த மழையில் மேல்மண் அடித்துப்போகும், செடியும் வாடும். மண்ணை உருவாக்குவதில் மண்புழுவின் பங்கை விளக்கி டார்வின் 1881-இல் ஒரு நூலே எழுதினார். கடலடி மணலில் கடல் அட்டை செய்வதும் அதே வேலைதான்.

பவளத் தொட்டி வளர்ப்போர் செய்வது

கண்ணாடித் தொட்டியில் உப்புநீரும் பவளமும் வைத்து வளர்ப்பவர்களுக்கு மணல் பராமரிப்பு கத்திமேல் நடப்பது போன்றது. கடல்நீர் காரத்தன்மை உடையது. கார நீரில் அம்மோனியாவின் நச்சு கூடும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுந்தால் பாசி படர்ந்து பவளத்தை மூடிவிடும். எனவே அவர்கள் இரண்டில் ஒரு வழியைப் பின்பற்றுகிறார்கள். முதல் வழி, இரண்டு மூன்று சென்டிமீட்டர் மணல் மட்டும் பரப்பி, அதை அடிக்கடி சிறிது சிறிதாக உறிஞ்சிச் சுத்தம் செய்வது. இரண்டாவது வழி, பத்து சென்டிமீட்டருக்கு மேல் நுண்மணல் பரப்பி, மேலடுக்கைக் கிளறும் சிற்றுயிர்களை விட்டு, ஆழத்தில் கை வைக்காமல் இருப்பது. பல ஆண்டுகளான ஆழ்மணலைத் திடீரென்று கிளறினால் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு வெளிவந்து தொட்டி முழுவதையும் கொன்றுவிடக்கூடும்.

இரு வழிகளுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. மணலை மொத்தமாக ஒரே நாளில் சுத்தம் செய்யக்கூடாது.

நம் பள்ளித் தொட்டிக்கு

உப்புநீர்த் தொட்டி செலவு மிக்கது. பள்ளிக்குத் தேவையும் இல்லை. நன்னீர்த் தொட்டியிலேயே இதே பாடத்தை நடத்தலாம்.

1. மணல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இருந்தால் போதும்.

2. மீன்கள் இரண்டு மூன்று நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவே தீனி போட வேண்டும். தீனி போடும் பொறுப்பை நாளுக்கு ஒரு மாணவரிடம் கொடுத்து, பதிவேட்டில் எழுதச் சொல்லலாம். ஆசையாகப் பத்துப் பேர் தீனி போடுவதுதான் மணல் கெட முதல் காரணம்.

3. வாரம் ஒருமுறை ஒரு ரப்பர் குழாயில் நீர் நிரப்பி, இரு முனைகளையும் விரலால் மூடி, ஒரு முனையைத் தொட்டியிலும் மறுமுனையைத் தாழ்வாக வைத்த வாளியிலும் விட்டுத் திறந்தால் நீர் இறங்கும். வாயால் உறிஞ்ச வேண்டாம். குழாய் முனையை மணலுக்குச் சற்று மேலே நகர்த்தினால் கழிவு மட்டும் வரும்.

4. ஒரு வாரத்தில் மணல் பரப்பின் மூன்றில் ஒரு பங்கை மட்டும் சுத்தம் செய்ய வேண்டும். நீரிலும் கால் பங்குக்கு மேல் மாற்ற வேண்டாம்.

5. குளோரின் கலந்த குழாய் நீரைத் திறந்த வாளியில் ஒரு நாள் வைத்திருந்து பிறகு ஊற்ற வேண்டும். வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பிழிந்து எடுக்க வேண்டும்.

6. தொட்டியில் கை வைத்த மாணவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

வகுப்பறையில் செய்து பார்க்க

தொடக்க வகுப்புகளுக்கு: ஒரு தட்டில் ஆற்று மணலும் மற்றொன்றில் பொடித்த முட்டை ஓடும் வைத்து, இரண்டின் மேலும் வினிகர் விடுங்கள். முட்டை ஓட்டில் மட்டும் குமிழி வரும். பவள மணலும் முட்டை ஓடும் ஒரே கால்சியம் கார்பனேட் என்பதை இங்கிருந்து தொடங்கலாம்.

உயர்நிலை வகுப்புகளுக்கு: ஒரு லிட்டர் ஒளிபுகும் பாட்டிலில் குளக்கரைச் சேற்றுடன் கிழித்த செய்தித்தாளும் அவித்த முட்டையின் மஞ்சள் கருவும் கலந்து முக்கால் பங்கு நிரப்புங்கள். மேலே சிறிது குளத்து நீர் விட்டு, மூடியைத் தளர்வாக மூடி, வெளிச்சம் வரும் சன்னலோரம் வையுங்கள். ஓரிரு மாதங்களில் மேலே பழுப்பு, கீழே கறுப்பு என அடுக்குகள் தெரியத் தொடங்கும். சில பாட்டில்களில் பச்சையும் ஊதாவும் தோன்றும். ஆக்சிஜன் உள்ள இடம், இல்லாத இடம் இரண்டிலும் வெவ்வேறு உயிர்கள் வாழ்வதை மாணவர்கள் கண்ணால் காண்பார்கள். வினோகிராட்ஸ்கி வகுத்த சோதனை முறை இது. பாட்டிலை ஆசிரியர் மட்டும், காற்றோட்டமான இடத்தில் திறக்க வேண்டும்.

சுற்றுலாவுக்கு முன் ஒரு சொல்

நம் மாணவர்கள் இராமேசுவரம் சுற்றுலா போகும்போது பவளத் துண்டைப் பையில் போட்டு வரவும், கடையில் வாங்கவும் ஆசைப்படுவார்கள். பவளங்களும் கடல் அட்டைகளும் 2001-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். சட்டத்தைச் சொல்வதோடு காரணத்தையும் சொல்வோம். முன்பு சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டியெடுக்கப்பட்டதில் அத்தீவுகளின் கரை அரிப்பு கூடியது. இன்று 21 தீவுகளில் இரண்டு நீருக்கடியில் இருக்கின்றன.

அடுத்த ஆண்டாய்வுக்குத் தொட்டியைத் தயார் செய்யும்போது, கண்ணாடியின் உட்புறப் பாசியைத் துடைத்துவிட்டு மணலை அதன் வேலையைச் செய்ய விடுவோம். மணல் ஏன் கொஞ்சம் பழுப்பாக இருக்கிறது என்று ஆய்வு அலுவலர் கேட்டால், அதற்குப் பதில் சொல்ல ஒரு மாணவரை முன்னே நிறுத்தலாம்.