உடற்பயிற்சி உதவியதா? அளந்து பார்ப்போம்!

மாணவ நண்பர்களே, உங்கள் வலது கையைச் சற்று முன்னே நீட்டுங்கள். ஆள்காட்டி விரலால் கட்டைவிரலைப் பத்து முறை தட்டுங்கள். ஒவ்வொரு முறையும் இரு விரல்களையும் நன்றாக அகல விரிக்க வேண்டும். முடிந்த அளவு விரைவாகவும் தட்ட வேண்டும். தாளம் தவறாமல் செய்து முடித்தீர்களா? அப்படியானால் உங்கள் மதிப்பெண் பூஜ்யம்! வருந்தாதீர்கள். இந்தத் தேர்வில் பூஜ்யம் வாங்குபவர்தான் முதல் மாணவர்.

இது வெறும் விளையாட்டு அன்று. பார்க்கின்சன் நோய் உள்ளவர்களை டாக்டர்கள் சோதிக்கும் முறைகளுள் ஒன்று.

நோய் என்ன செய்கிறது?

1817ஆம் ஆண்டில் லண்டன் நகரில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற மருத்துவர் ஒரு சிறு நூல் எழுதினார். கை நடுக்கமும் தள்ளாடும் நடையும் கொண்ட ஆறு பேரைப் பற்றி அதில் விவரித்தார். அவர்களுள் சிலரை அவர் தெருவில்தான் கண்டார். பின்னாளில் அந்த நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. தமிழில் இதை நடுக்குவாதம் என்றும் சொல்வதுண்டு.

நம் நடுமூளையில் கருமையாகத் தெரியும் ஒரு சிறு பகுதி இருக்கிறது. அங்குள்ள நரம்புச் செல்கள் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கின்றன. உடல் அசைவுகள் தடையின்றி நடக்க அது தேவை. இந்த நோயில் அந்தச் செல்கள் சிறிது சிறிதாக அழிகின்றன. அதனால் கை நடுங்குகிறது, தசைகள் விறைக்கின்றன, நடை தளர்கிறது, எழுத்து சிறுத்துப் போகிறது. சட்டைப் பொத்தானைப் போடுவதுகூடப் பெரிய வேலையாகி விடுகிறது. டோபமின் குறைவை ஈடுகட்ட மருந்துகள் உண்டு. ஆனால் செல்களின் அழிவைத் தடுத்து நிறுத்தும் மருந்து இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

எனவேதான் விஞ்ஞானிகள் உடற்பயிற்சியின் பக்கம் திரும்பினார்கள். "தினமும் நடந்தால் உடம்பு லேசாக இருக்கிறது" என்று நோயாளிகள் பலர் சொல்வதுண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் விஞ்ஞானம் கேட்கும் கேள்வி வேறு: எவ்வளவு லேசாக இருக்கிறது? அதற்குக் காரணம் பயிற்சிதானா?

அளவுகோல் எங்கே?

காய்ச்சலை அளக்க வெப்பமானி இருக்கிறது. பார்க்கின்சன் நோயின் வேகத்தை அப்படி ஒரு கருவியை வைத்து அளந்துவிட முடிவதில்லை. ஆகவே டாக்டர்கள் ஒரு மதிப்பெண் பட்டியலை உருவாக்கினார்கள். 1980களில் தோன்றிய அந்தப் பட்டியல் 2008இல் திருத்தி அமைக்கப்பட்டது. அதில் உடல் அசைவுகளுக்கான பகுதியில் பேச்சு, முகபாவம், தசை விறைப்பு, விரல் தட்டல், நாற்காலியிலிருந்து எழுதல், நடை, நடுக்கம் எனப் பலவும் சோதிக்கப்படுகின்றன. மொத்தம் 33 மதிப்பெண்கள் இடப்படும். ஒவ்வொன்றும் 0 முதல் 4 வரை இருக்கும். பெருக்கிப் பாருங்கள்: மிக அதிகமான மதிப்பு 132. மதிப்பு ஏற ஏற நோய் கடுமையானது என்று பொருள்.

விரல் தட்டும்போது தாளம் ஓரிரு முறை தடைப்பட்டால் 1. மூன்று முதல் ஐந்து முறை தடைப்பட்டால் 2. இப்படித்தான் கணக்கு.

மனம் செய்யும் மாயம்

சரி, ஒருவருக்கு மதிப்பெண் இட்டு, ஆறு மாதம் பயிற்சி கொடுத்து, மறுபடியும் மதிப்பெண் இட்டால் போதாதா? போதாது. இந்த நோயில் ஒரு விந்தை உண்டு.

2001ஆம் ஆண்டில் கனடா நாட்டு விஞ்ஞானிகள் ஒரு சோதனை செய்தார்கள். பார்க்கின்சன் நோயாளிகளுக்கு மருந்தே இல்லாத வெறும் ஊசியைப் போட்டார்கள். அது மருந்தாக இருக்கலாம் என்று நோயாளிகள் எதிர்பார்த்திருந்தார்கள். பின்னர் மூளையைப் படமெடுத்துப் பார்த்தால், அங்கே உண்மையாகவே டோபமின் சுரந்திருந்தது! குணம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பே மூளையை மாற்றிவிட்டது.

அப்படியானால் பயிற்சியால் வந்த பலன் எது, நம்பிக்கையால் வந்த பலன் எது என்று எப்படிப் பிரிப்பது?

நெதர்லாந்தில் ஒரு சோதனை

நெதர்லாந்து நாட்டின் நைமேகன் நகரிலுள்ள ரட்பவுட் பல்கலைக்கழக மருத்துவ மையத்தார் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அவர்களுடைய ஆய்வு முடிவு 2019இல் வெளிவந்தது. நோய் கடுமையாகாத 130 பேர் அதில் பங்கேற்றனர். சீட்டுக் குலுக்குவது போல, யார் எந்தக் குழு என்பதைத் தற்செயலாகத் தீர்மானித்தார்கள். ஒரு குழுவினர் வீட்டிலேயே, நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிளை மிதித்தனர். மிதிப்பது சலிக்காமல் இருக்க, திரையில் விளையாட்டுகளும் இணைக்கப்பட்டிருந்தன. மற்றக் குழுவினர் கை கால்களை நீட்டி மடக்கும் எளிய பயிற்சிகளைச் செய்தனர். இரு குழுவினருக்கும் வாரம் மூன்று முறை, அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வரை, ஆறு மாதங்கள் பயிற்சி.

இரண்டாம் குழுவைச் சும்மா இருக்க விடாமல் பயிற்சி கொடுத்தது ஏன்? அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. இரு குழுவினருக்கும் "நமக்குப் பயிற்சி கிடைக்கிறது" என்ற எதிர்பார்ப்பு உண்டு. ஆகவே நம்பிக்கையின் பலன் இரு தட்டிலும் ஏறத்தாழச் சமமாகிவிடும். எஞ்சும் வேறுபாடு சைக்கிளால் வந்தது என்று கொள்ளலாம்.

மேலும் இரண்டு எச்சரிக்கைகள். மதிப்பெண் இட்டவருக்கு, எதிரே இருப்பவர் எந்தக் குழு என்பது தெரியாது. தெரிந்தால் அவர் கை தானாகவே தாராளம் காட்டிவிடலாம் அல்லவா? அடுத்து, மாத்திரையின் பலன் நோயின் உண்மை நிலையை மறைத்துவிடும். ஆகவே முந்திய இரவு முதல் மாத்திரையை நிறுத்தி, அதன் வேகம் தணிந்தபின் சோதித்தார்கள்.

முடிவு என்ன?

ஆறு மாத முடிவில் எளிய பயிற்சிக் குழுவின் சராசரி மதிப்பு 5.6 ஏறியிருந்தது. சைக்கிள் குழுவினருக்கு 1.3 மட்டுமே ஏறியது. வேறுபாடு சுமார் 4 புள்ளிகள்.

கவனியுங்கள்: சைக்கிள் குழுவின் மதிப்பும் குறையவில்லை, சற்று ஏறத்தான் செய்தது. ஒரே குழுவை மட்டும் வைத்துச் சோதித்திருந்தால், "ஆறு மாதம் மிதித்தும் பயனில்லை" என்று முடிவு கட்டியிருப்பார்கள்! ஓட்டைப் படகில் நீர் இறைப்பவரைப் பாருங்கள். நீர் ஏறவில்லை என்றால் அதுவே அவருக்கு வெற்றி. பக்கத்துப் படகில் எவ்வளவு நீர் ஏறியிருக்கிறது என்று பார்த்தால்தான் அந்த வெற்றி நமக்குத் தெரியும்.

ஆனால் மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் சோதித்தபோது, இரு குழுக்களிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆகவே சைக்கிள் மருந்துக்கு மாற்று ஆகாது; துணைதான். இந்த நோய் உள்ளவர் எந்தப் பயிற்சியையும் டாக்டரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

நீங்களும் செய்யலாம்

"ஓடிவிட்டு வந்தால் கணக்கு வேகமாக வரும்" என்று உங்கள் நண்பர் ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்படிச் சோதிப்பீர்கள்? இருபது பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். பத்துப் பேர் பத்து நிமிடம் ஓடட்டும். மற்றப் பத்துப் பேர் மெல்ல நடக்கட்டும். பிறகு எல்லோருக்கும் ஒரே கணக்குத் தாள். விடைத்தாளில் பெயர் வேண்டாம். எண் மட்டும் போதும். திருத்துபவருக்கு யார் ஓடினார், யார் நடந்தார் என்பது தெரியக் கூடாது.

கடைசியில் சராசரிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் விரும்பிய விடை வராமல் போகலாம். ஆனால் வந்த விடையை நம்பலாம்.