வயிற்றுக்குள் மண்டை ஓடு!

சாலை விபத்தில் தலையில் அடி. மூளை வீங்குகிறது. மண்டை ஓட்டில் ஒரு துண்டை வெட்டி எடுத்து டாக்டர்கள் உயிரைக் காப்பாற்றுகிறார்கள். ஆனால் தலையில் பள்ளம்! லேசாக இடித்தாலும் ஆபத்து.

எடுத்த எலும்பு எங்கே போச்சு? குளிர்பெட்டியில் இருக்கும். அல்லது நோயாளியின் வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே வைத்து தைத்திருப்பார்கள்! வீக்கம் வடிந்ததும் அதையே பொருத்தலாம். செலவு மிச்சம். ஆனால் சிலருக்கு, முக்கியமாக சிறுவர்களுக்கு, அது கரைந்து போகும். நொறுங்கிய எலும்பும், சீழ் பிடித்த எலும்பும் உதவாது.

அப்போது மாற்று ஓடுதான்.

அக்ரிலிக், பல்செட் செய்யும் அதே ஜாதி. பொடியையும் திரவத்தையும் குழைத்தால் சூடேறி இறுகும். விலை மலிவு. பலத்த அடி பட்டால் உடையும்.

டைட்டானியம், உறுதியான உலோக வலை. உடம்பு ஏற்கும். நாளடைவில் மேல்தோல் மெலிந்து, தகடு வெளியே தெரிவதும் உண்டு.

"பீக்" என்பது கெட்டி பிளாஸ்டிக். ஸ்கேன் படத்தை பார்த்து அளவெடுத்து செய்வது. கச்சிதமாக பொருந்தும். விலைதான் மண்டையை உடைக்கும்!

எது நல்லது? எல்லாருக்கும் ஒன்றே என்று கிடையாது. வயது, பள்ளத்தின் அளவு, தோலின் நிலை, கையில் உள்ள பணம் எல்லாம் பார்க்க வேண்டும். "எனக்கு ஏன் இது?" என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

எதை வைத்தாலும், தையல் சிவந்தாலோ கசிந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்!