அஞ்சும் மனத்தை அறிதல்

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, அமராவதி அணையை அடுத்த அமராவதி நகரில் 1962-இல் தொடங்கப்பெற்ற சைனிக் பள்ளி, ஆறாம் வகுப்பிலேயே வீட்டைப் பிரிந்து விடுதிக்கு வரும் குழந்தைகளைப் பிற்காலத்தில் ராணுவ அதிகாரிகளாவதற்குத் தகுதியுடையவர்களாக ஆக்கும் நோக்கமுடையது. தேசியப் பாதுகாப்பு அகாதெமியின் எழுத்துத் தேர்வில் தேறியவர்கள் பிறகு ஐந்து நாள் தேர்வுக்குழுவின் முன் நிற்கவேண்டும். அங்கு நடக்கும் மனோதத்துவச் சோதனைகளுள் ஒன்று, பெற்றோரும் ஆசிரியரும் நண்பரும் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், தான் தன்னை எவ்வாறு மதிக்கிறான் என்பதை இளைஞனையே எழுதச் சொல்வது. படித்துத் தீர்ப்பளிக்க ஒருவர் காத்திருக்கையில், தன் அச்சத்தை எவன் மனமுவந்து எழுதுவான்?

ஆகவே, எவரும் தீர்ப்பளிக்காத அந்தரங்கமான சுயபரிசோதனையும் வேண்டியிருக்கிறது. ராபர்ட் ஸ்பிட்சரும் அவருடைய சகாக்களும் 2006-இல் வெளியிட்ட ஏழு வினாக்கள் அவ்வகையின. கடந்த இரண்டு வாரங்களில் படபடப்பு, அடக்கமுடியாத கவலை, ஓய்வுகொள்ள இயலாமை, இருப்புக் கொள்ளாமை, எரிச்சல், ஏதோ விபரீதம் நேரப்போகிறதென்ற பயம் முதலியன எத்தனை நாட்கள் வருத்தின என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பிடச் சொல்கிறார்கள். கூட்டுத்தொகை 10-ஐ எட்டினால் மருத்துவரைக் காண்பது நலம். அவ்வெண் நோயின் நிர்ணயம் அன்று.

இவற்றுள் எரிச்சலைப் பற்றிய வினாவையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஷிப்மெண்ட் தேதி நெருங்க நெருங்க, பனியன் கம்பெனியிலிருந்து வீடு திரும்பியதும் பிள்ளைகள்மீது சீறிவிழும் தகப்பனாரை ‘முன்கோபி’ என்று ஊர் சொல்லுமேயன்றி, அந்தக் கோபத்தின் உள்ளே அச்சம் இருக்கக்கூடுமென்று அவரும் நினைப்பதில்லை, மனைவியும் நினைப்பதில்லை. குழந்தைகளிடத்திலோ அது ‘வயிறு வலிக்குது’ என்ற சொல்லாகப் பள்ளிக்குப் புறப்படும் வேளையில் வெளிப்படுவதுண்டு.

உணர்ச்சியை ஆளும் விதத்தையும் ஆராயலாம். ஜேம்ஸ் கிராஸ், ஆலிவர் ஜான் என்னும் அறிஞர்கள் 2003-இல் பத்து வாக்கியங்களைக் கொண்டு இரண்டு பழக்கங்களைப் பிரித்தறிந்தார்கள்: நேர்ந்ததை வேறு கோணத்தில் எண்ணிப் பார்ப்பது ஒன்று, உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் அடக்குவது மற்றொன்று. அடக்குபவர்களுக்கு மகிழ்ச்சி குறைந்திருந்ததே தவிர, துயரம் குறைந்திருக்கவில்லை. ‘ஆம்பளப் பிள்ளை அழலாமா?’ என்று கேட்டே வளர்க்கும் நாம் இதைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

வினாக்களுக்கு விடையெழுதி, தேதியிட்டு வைத்துக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து மீண்டும் எழுதி ஒப்பிடலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினால் மட்டும் கணக்கெல்லாம் பார்க்கவேண்டாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும், தமிழிலேயே, கட்டணமின்றி அழைக்கலாம்.