கைத்தொலைபேசி காட்டும் வழியும் எமது காணியின் எல்லையும்

வலிகாமம் வடக்கில் சில காணிகள் விடுவிக்கப்பட்ட நாட்களில், அவற்றுள் ஒன்றிற்கு உரிமையாளரான முதியவர் ஒருவருடன் நாமும் அங்கு சென்றிருந்தோம். 1990 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் அவர் விட்டு வந்த காணி அது. 27 ஆண்டுகள் கழிந்துவிட்டன. வீடு இல்லை. வேலியில் நின்ற கிளுவையும் பூவரசும் இல்லை. ஒழுங்கை ஓடிய இடத்தை இயந்திரம் கொண்டு மட்டமாக்கியிருந்தார்கள். பெரியவர் நெடுநேரம் பேசாமல் நின்றார். பின்னர், "சுவாமி, கிணறு பூவரசுக்குக் கிழக்காலை இருந்தது. இப்ப பூவரசையும் காணேல்லை, கிணத்தையும் காணேல்லை" என்றார்.

கூட வந்த பேரன் கைத்தொலைபேசியை எடுத்து, "அப்பு, இஞ்சை பாருங்கோ, நாங்கள் நிக்கிற இடத்தை இதிலை நீலப் புள்ளியாக் காட்டுது" என்றான். பெரியவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார். "நாங்கள் நிக்கிற இடம் எனக்குத் தெரியும் மோனை. கிணறு இருந்த இடத்தைக் காட்டச் சொல்லு."

அவர் கேட்டது நியாயமான கேள்வி. இன்று எமது மக்களில் பெரும்பாலானோரின் வீடுகளில் இத்தகைய தொலைபேசி ஒன்றாவது உண்டு. ஓட்டோ பிடிப்பதற்கும், லொறி எங்கே வருகிறதென அறிவதற்கும், தெரியாத ஊரில் மருத்துவமனையைத் தேடுவதற்கும் இளைஞர்கள் அதனை எடுக்கிறார்கள். ஆனால் அது எதனை அறியும், எதனை அறியாது என்பது தெரியாமலே அதனை நம்புவோரும், தெரியாமலே அதற்கு அஞ்சுவோரும் எம்மிடையே உள்ளனர்.

பூமியிலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் ஐக்கிய அமெரிக்காவின் 30 வரையான செய்மதிகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஜீ.பீ.எஸ். எனப்படுவது இதுவே. ரஷ்யாவின் குளொனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ என வேறு தொகுதிகளும் உள்ளன. புதிய தொலைபேசிகள் இவற்றையும் சேர்த்தே பயன்படுத்துகின்றன. தான் எங்கே இருக்கிறது, தனது மணிக்கூட்டில் நேரம் என்ன என்பதை ஒவ்வொரு செய்மதியும் ஓயாது அறிவித்துக்கொண்டிருக்கிறது. வயலில் நிற்கும்போது மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்கி, இடி கேட்டதும் மழை எவ்வளவு தூரத்தில் நிற்கிறதென மதிப்பிடுவோமல்லவா? தொலைபேசி செய்வதும் அதுதான். அறிவிப்பு புறப்பட்ட நேரத்திற்கும் வந்து சேர்ந்த நேரத்திற்கும் உள்ள வித்தியாசத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுகிறது. வானொலி அலை ஒரு விநாடியில் 3 இலட்சம் கிலோமீற்றர் செல்வதால், ஒரு விநாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நேரம் பிழைத்தாலும் தூரம் 300 மீற்றர் பிழைத்துவிடும். ஆகவேதான் செய்மதிகளில் அணு மணிக்கூடுகளை வைத்திருக்கிறார்கள். எமது தொலைபேசியின் மணிக்கூடு அவ்வளவு திறமானதன்று. இடத்தை அறிய மூன்று செய்மதிகள் போதுமாயினும், இந்த மணிக்கூட்டைத் திருத்துவதற்கு நான்காவது ஒன்றும் தேவைப்படுகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொலைபேசி செய்மதிக்கு எதனையும் சொல்வதில்லை. வானொலிப் பெட்டியைப் போல அது கேட்க மட்டும் செய்கிறது. எனவே சிம் அட்டை இல்லாத தொலைபேசியும், சிக்னல் எட்டாத காட்டுக்குள் இருக்கும் தொலைபேசியும் தான் நிற்கும் இடத்தை அறியும். வரைபடத்திற்குத்தான் இணையம் தேவை. அதனையும் ஊரில் இருக்கும்போதே இறக்கி வைத்துக்கொண்டால் வன்னியின் உட்பாதைகளில் பயன்படும்.

முதலாவது ஜீ.பீ.எஸ். செய்மதி 1978 இல் ஏவப்பட்டது. அது படையினருக்கென ஆக்கப்பட்டது. 1983 புரட்டாதி முதலாம் திகதி, வழிதவறிச் சோவியத் வான்பரப்பிற்குள் சென்ற கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டனர். அதன் பின்னரே, இத்தொகுதி பொதுமக்களின் பயன்பாட்டிற்கும் திறந்துவிடப்படும் என அமெரிக்க ஜனாதிபதி றீகனின் அரசு அறிவித்தது. அப்போதும் பொதுமக்களுக்கான அலையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்தார்கள். 100 மீற்றர் வரை பிழைத்த அக்கணக்கு, 2000 வைகாசியில் அக்கலப்பு நிறுத்தப்பட்ட பின்னரே திருந்தியது. கூகிளின் வரைபடம் 2005 இலும், திருப்பத்திற்குத் திருப்பம் குரலில் வழிசொல்லும் அதன் வசதி 2009 இலும் வந்தன. வானத்தில் பறந்தவை எமது மக்களுக்குப் பெரும்பாலும் அழிவையே கொண்டு வந்தமையால், செய்மதி என்றதும் முதியோர் முகம் சுழிப்பதில் எமக்கு வியப்பில்லை.

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். நீலப் புள்ளி வேறு. அதன் கீழே தெரியும் படம் வேறு. படத்தை எடுப்பவை வேறு செய்மதிகள். லாண்ட்சற் என்னும் செய்மதிகள் 1972 முதல் பூமியைப் படமெடுத்து வருகின்றன. ஆனால் எண்பதுகளில் அவை எடுத்த படங்களில் ஒரு சிறு புள்ளியே 30 மீற்றர் அகலமான நிலத்தைக் குறிக்கும். அத்தகைய புள்ளியில் வீடும் கிணறும் வேலியும் ஒன்றாய்க் கரைந்துவிடும். வீட்டுக் கூரையைப் பிரித்தறியக்கூடிய படங்கள், 1999 இல் இக்கோனொஸ் என்னும் செய்மதி ஏவப்பட்ட பின்னரே பொதுமக்கள் விலைக்கு வாங்கக் கிடைத்தன. எனவே 2008 இல் வன்னியில் வீட்டை விட்டு ஓடியவர்கள், கூகிள் ஏர்த்தில் பழைய திகதிகளைத் தெரிவுசெய்து பார்த்தால் தமது கூரையைச் சில வேளை காணலாம். 1990 இல் ஓடியவரின் கிணற்றை எந்தத் தொலைபேசியாலும் காட்ட முடியாது. அவருக்கு உதவக்கூடியவை உறுதியுடன் இணைந்த பழைய நில அளவைப் படமும், நில அளவைத் திணைக்களத்திடம் உள்ள, 1956 இல் விமானத்திலிருந்து எடுக்கப்பட்டவை போன்ற படங்களுமே.

எல்லையைப் பொறுத்தவரை நாம் கண்டிப்பாகவே சொல்ல விரும்புகிறோம். ஒரு கிராமத்தில் அயலவர் இருவர் தத்தம் பிள்ளைகளின் தொலைபேசியைப் பார்த்து வேலிக்குக் கதியால் நட்டிருந்தார்கள். இரண்டு வரிசைக்கும் இடையில் ஒரு மாட்டுவண்டி போகலாம். இருவரும் பொய் சொல்லவில்லை. திறந்த வெளியிலேயே தொலைபேசியின் புள்ளி 5 மீற்றர் வரை விலகி நிற்கும். பனங்கூடலுக்குள்ளும் சுவரோரத்திலும் இன்னும் விலகும். ஏக்கருக்குப் பதினாறு பரப்பு. ஒரு பரப்புக் காணி சதுரமாக இருந்தால் அதன் ஒரு பக்கம் ஏறத்தாழ 16 மீற்றர். அதில் 5 மீற்றர் என்பது மூன்றில் ஒரு பங்கு! வேலிச் சண்டைக்கு ஒரு சாண் நிலமே போதுமான எமது ஊர்களில் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. அயலானின் எல்லைக்கல்லை நகர்த்துவதை மோயீசனின் சட்டம் விலக்கியபோது தொலைபேசி இருக்கவில்லை என்பது உண்மையே. நில அளவையாளரும் இதே செய்மதிகளைப் பயன்படுத்துவதுண்டு. ஆனால் அவர் இரண்டு கருவிகளை வைத்து, ஒன்றின் பிழையை மற்றதால் திருத்தி, சென்ரிமீற்றர் அளவிற்குக் கணக்கிடுவார். அனுமதி பெற்ற அளவையாளர் கையொப்பமிட்ட படமே பிரதேச செயலகத்திலும் நீதிமன்றத்திலும் செல்லும்.

அதற்காகத் தொலைபேசி காணி விடயத்தில் பயனற்றதென்று கொள்ள வேண்டாம். காணிக்குச் செல்லக் கிடைத்தால், கிணறு, கோயில், சந்தி, மதகு ஆகியவற்றின் அருகே நின்று, திரையில் தோன்றும் அகலாங்கு நெட்டாங்கு எண்களை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கங்கள் வரை எழுதினால் போதும்; ஐந்தாம் இலக்கம் ஏறத்தாழ ஒரு மீற்றரைக் குறிக்கும். தொலைபேசி தொலையும், கொப்பி கிடக்கும். எல்லைக்கு அது சான்றாகாது. ஆனால் பற்றை மண்டிய நிலத்தில் அளவையாளரையும் கிராம அலுவலரையும் சரியான இடத்திற்கு அழைத்துச் செல்ல உதவும்.

வாகனங்களின் கதை வேறு. லொறியிலும் உழவு இயந்திரத்திலும் பூட்டும் கண்காணிப்புப் பெட்டிக்குள் செய்மதியைக் கேட்கும் கருவியும் ஒரு சிம் அட்டையும் இருக்கும். முன்னையது இடத்தை அறியும். பின்னையது அதனைக் கோபுரம் வழியாக உரிமையாளருக்கு அனுப்பும். சிக்னல் இல்லாவிடில் பல பெட்டிகள் எண்களைச் சேமித்து வைத்துப் பின்னர் அனுப்பும். வெங்காயமும் பீற்றூட்டும் ஏற்றித் தம்புள்ளைக்குப் போகும் லொறி இரவில் எங்கே நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்பதை இனி யாரும் மறைக்க முடியாது. பெட்டி இல்லாவிட்டாலும், சாரதி விரும்பினால் வட்ஸ்அப்பில் தனது இருப்பிடத்தை 15 நிமிடமோ ஒரு மணித்தியாலமோ எட்டு மணித்தியாலமோ பகிரலாம். சேர்ந்து லொறி பிடிக்கும் விவசாயிகள் இதனைச் சாரதியிடம் கேட்பதில் தவறில்லை. எமது கடற்றொழிலாளர் இதனை முன்னரே கண்டுவிட்டார்கள். இலங்கை மீனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2015 இல் விதித்த தடை 2016 இல் நீங்கியதற்கு, ஆழ்கடல் செல்லும் பலநாட் கலங்களில் இத்தகைய கருவிகளைப் பொருத்தியதும் ஒரு காரணம்.

ஆனால் கடனில் எடுத்த உழவு இயந்திரத்தில் பெட்டியைப் பூட்டுபவர் யார், அதனைப் பார்ப்பவர் யார் என்பதைக் கையொப்பமிடுமுன் கேளுங்கள். தூரத்திலிருந்தே இயந்திரத்தை இயங்கவிடாமல் தடுக்கக்கூடிய பெட்டிகளும் உள்ளன. விதைப்பு நாளில் ஒரு தவணை பிந்தினால் என்ன நேரும் என்பதை உடன்படிக்கையில் தேடிப் பாருங்கள். தெரியாத மொழியில் இருந்தால், தெரிந்த ஒருவரைக் கொண்டு வாசிப்பித்த பின்னரே ஒப்பமிடுங்கள்.

பாதை விடயத்தில் நாமே ஒருமுறை முட்டாளானோம். மாரியில், வன்னியில் ஒரு கூட்டத்திற்குப் பிந்திவிட்டோமென்று, தொலைபேசி காட்டிய குறுக்குவழியில் வாகனத்தைத் திருப்பினோம். அது ஒரு குளக்கட்டு. கட்டின் முடிவில் வான் பாய்ந்துகொண்டிருந்தது. பின்நோக்கி வாகனத்தைச் செலுத்தி வெளியே வர ஒரு மணித்தியாலம் எடுத்தது. மாடு சாய்த்து வந்த சிறுவன் ஒருவன், "ஃபாதர், மாரியிலை இதாலை ஒருத்தரும் போறேல்லை" என்றான். அவனைக் கேட்டிருக்கலாம்.

எமக்கு நேர்ந்தது நேர இழப்பு மட்டுமே. வரைபடத்தில் ஒரு பாதை தெரிவதால் அதன் இரு மருங்கும் கண்ணிவெடி அகற்றப்பட்டுவிட்டதெனப் பொருள் கொள்ளலாகாது. பாதையைத் தெரிந்த தொலைபேசிக்கு மிதிவெடியைத் தெரியாது. சிவப்புப் பலகையும் மண்டையோட்டுக் குறியும் நிற்கும் இடத்தில் தொலைபேசி என்ன சொன்னாலும் நில்லுங்கள்.

எம்மை யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்று பலர் எம்மிடம் கேட்கிறார்கள். சோதனைச் சாவடிகளில் நின்று வாழ்ந்த மக்கள் கேட்பதில் நியாயமுண்டு. தொலைபேசி செய்மதிக்கு எதனையும் சொல்வதில்லை என்பதை மேலே சொன்னோம். தொலைபேசியில் உள்ள செயலிகள் நாம் கொடுத்த அனுமதியின்படி இடத்தை வெளியே அனுப்புகின்றன. அதனை அமைப்புகளில் நிறுத்தலாம். ஆனால் பொத்தான் அழுத்தும் சாதாரணத் தொலைபேசியாயினும், அது எந்தக் கோபுரத்துடன் பேசுகிறதென்பது தொலைபேசிக் கம்பனிக்குத் தெரியும். அதனை நிறுத்துவதற்குத் தொலைபேசியை முற்றாக அணைப்பது ஒரு வழி.

இருப்பிடத்தை நாமே சொல்ல வேண்டிய வேளையும் உண்டு. 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி 2018 இல் வடக்கிற்கு வந்த 1990 அம்புலன்ஸ் சேவை இலவசமானது. பெயரில்லாத ஒழுங்கையில், இலக்கமில்லாத தற்காலிகக் கொட்டிலில் பிரசவ வலியெடுத்தவளை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? அருகிலுள்ள பாடசாலையின் பெயரையும், கோயிலின் பெயரையும், கொப்பியில் எழுதிய அந்த எண்களையும் சுவரில் ஒட்டி வையுங்கள்.

பெரியவரின் பழைய நில அளவைப் படம் மகளின் வீட்டில் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தது. எத்தனை இடப்பெயர்வுகளில் அது கூட வந்ததென அவர் எண்ணிச் சொன்னார், ஒன்பது. கண்ணிவெடி அபாயமில்லை என்ற சான்று கிடைத்த காணியாகையால் தோண்டத் தடையிருக்கவில்லை. அளவையாளர் வந்து படத்தின்படி அளந்து கட்டை அடித்தார். இரண்டாம் நாள் மாலை மண்வெட்டியில் கிணற்றுக்கட்டின் கல் தட்டுப்பட்டது. பேரன் அதன்மேல் ஏறி நின்று எண்களைக் கொப்பியில் எழுதினான். மறுநாளும் அதே கல்லில் நின்று பார்த்தபோது கடைசி இலக்கம் மாறியிருந்தது. "அப்பு, இது நேற்றுக் காட்டின இடமில்லை" என்றான்.

"கிணறு அங்கைதான் மோனை நிக்குது. நீ மற்றப் பக்கத்தாலை கிண்டு" என்றார் பெரியவர்.