கலையும் இல்லறமும் கைகோத்த கடலோரம்

ஓவியம் வரைவதே தொழில் என்று சொல்லும் இளைஞனுக்குத் தயங்காமல் பெண் கொடுக்கும் தந்தையர் நம்மில் எத்தனை பேர்? தூரிகை பிடிக்கும் மகளைப் பார்த்து, "நாளை புகுந்த வீட்டில் இதெல்லாம் எதற்கு உதவும்?" என்று கேட்காத தாய்மார் எத்தனை பேர்? கணவனும் மனைவியும் ஆகிய இருவருமே ஓவியர்கள் என்றால் அந்த வீட்டில் அடுப்பு எரியுமா என்ற ஐயம் எவருக்கும் எழுவது இயல்பே. இந்த ஐயத்திற்கு வாயால் விடை கூறாமல் வாழ்ந்து விடை கூறிய ஓர் ஊர் உண்டு. சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமமே அது.

ஊர் பிறந்த கதை

கோயம்புத்தூரில் 1911ஆம் ஆண்டில் பிறந்த கே.சி.எஸ். பணிக்கர் பெரும் ஓவியர். இன்று அரசினர் கவின்கலைக் கல்லூரி என வழங்கும் சென்னைக் கலைக்கல்லூரியில் 1957 முதல் 1967 வரை முதல்வராக இருந்தவர். அவர் மனத்தை அரித்த கவலை ஒன்று உண்டு. ஆண்டுக்கணக்கில் பயின்று தேர்ச்சி பெற்ற மாணவர்கள், கல்லூரி வாயிலைக் கடந்ததும் பிழைப்பைத் தேடி வேறு வேலைகளுக்குச் சென்று, தூரிகையையே மறந்து போயினர்.

இதற்கு அவர் கண்ட வழி எளியது. ஓவியம் விற்றுத்தான் சோறு உண்ண வேண்டும் என்றால், வாங்குபவரின் விருப்பத்திற்கு ஓவியன் வளைந்தாக வேண்டும். ஆகவே, நாளின் ஒரு பகுதியில் கைத்தொழில் செய்து வயிற்றைக் காக்கட்டும். எஞ்சிய பொழுதில் தன் மனம் விரும்பியதை வரையட்டும். இந்த எண்ணத்தோடு மாணவர்களும் ஆசிரியர்களும் சங்கமாகச் சேர்ந்தனர். தாங்கள் செய்த கைவினைப் பொருள்களை விற்றுக் கிடைத்த பணத்தைக் கொண்டு ஏறத்தாழ 10 ஏக்கர் நிலம் வாங்கினர். 1966ஆம் ஆண்டில் கிராமம் உருவாயிற்று.

அந்நாளில் அது செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த, மணலும் சவுக்கும் நிறைந்த கடற்கரை. ஓலைக் குடிசைகளில்தான் அவர்களுடைய வாழ்க்கை தொடங்கியது. பொதுப் பட்டறை ஒன்று, விற்பனைக் கூடம் ஒன்று, அவரவர்க்குத் தனி மனை; இதுவே அமைப்பு.

மெழுகும் சாயமும்

அவர்களைத் தாங்கிய கைத்தொழில்களில் முதன்மையானது பாத்திக். இச்சொல் நமக்குப் புதியதன்று. சிங்கப்பூர், மலேயா சென்று திரும்பியோர் நம் கடற்கரை ஊர்களுக்குக் கொண்டுவந்த கைலிகளில் அந்தச் சாவகக் கலையை நம் வீட்டுப் பெண்கள் நெடுங்காலமாகக் கண்டு வந்துள்ளனர்.

துணியில் நிறம் ஏறக் கூடாத இடங்களை உருகிய மெழுகால் மூடுவார்கள். பின்பு சாயத்தில் நனைப்பார்கள். வெளிர் நிறத்தில் தொடங்கி, மீண்டும் மெழுகிட்டு, அடர்ந்த நிறத்தில் முடிப்பார்கள். இறுதியில் வெந்நீரில் இட்டு மெழுகை நீக்கினால், அது காத்து நின்ற கோலம் வெளிப்படும். மெழுகு விரிசல் கண்ட இடங்களில் சாயம் நரம்பு போல ஓடியிருக்கும். ஆணும் பெண்ணும் அருகருகே அமர்ந்து செய்யத் தக்க வேலை இது. பாத்திக்கோடு உலோக வேலை, மட்பாண்டம் முதலிய தொழில்களும் அங்கே நடைபெற்றன.

ஒரு தம்பதியர்

மைசூரில் 1941ஆம் ஆண்டில் பிறந்தவர் எஸ்.ஜி. வாசுதேவ். பணிக்கரின் மாணவராகச் சென்னைக்கு வந்து, சோழமண்டலத்தை நிறுவியோருள் ஒருவரானார். அதே கல்லூரியில் பயின்ற ஓவியர் அர்னவாஸ் அவருடைய வாழ்க்கைத் துணைவியானார். இருவரும் அக்கடற்கரையிலேயே இல்லறம் நடத்தினர். வாசுதேவ் வண்ண ஓவியங்களோடு செப்புத் தகட்டிலும் புடைப்பு உருவங்கள் படைத்தார். 1970ஆம் ஆண்டில் வெளிவந்த 'சம்ஸ்காரா' என்னும் கன்னடத் திரைப்படத்தின் கலை அமைப்பும் அவருடையதே. அர்னவாஸ், ஒருவருடைய மனைவி என்ற பெயரோடு நின்றுவிடவில்லை. ஓவியராகவே தம்மை நிலைநாட்டிக் கொண்டார்.

மாதச் சம்பளம் இல்லாத இருவர் ஒரு வீட்டை நடத்துவது எளிதன்று. ஆயினும் சொந்த மனை இருந்ததால் வாடகைக் கவலை இல்லை. கைத்தொழில் இருந்ததால் ஓவியம் விற்காத மாதத்திலும் சிறிது வரவு உண்டு. சுற்றிலும் இருந்தோர் ஓவியர்களே ஆகையால், "வேலைவெட்டி இல்லாதவர்கள்" என்ற ஏச்சும் இல்லை. தனித்து நிற்கும் தம்பதியர்க்குக் கிட்டாத இந்த மூன்று பாதுகாப்புகளையும் ஊர் அளித்தது.

ஆனால் மரணத்தைத் தடுக்க எந்த ஊராலும் இயலாது அல்லவா? 1988ஆம் ஆண்டில் அர்னவாஸ் மறைந்தார். வாசுதேவ் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தார். துணைவியின் பெயரில் அவர் அமைத்த அறக்கட்டளை, கலை பயிலும் மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கியது. இறந்த மனைவிக்குக் கல்லில் நினைவுச் சின்னம் எழுப்புவோர் உண்டு. இளம் ஓவியர்களின் கல்வியில் எழுப்பியவர் இவர்.

மலருமுன் உதிர்ந்தவர்

இன்னொரு தம்பதியரையும் நாம் மறத்தலாகாது. கேரளத்தின் பொன்னானிப் பகுதியில் 1940ஆம் ஆண்டில் பிறந்த டி.கே. பத்மினியும் பணிக்கரின் மாணவியே. பெண்ணின் உள்ளத்தைப் பெண்ணே தீட்டிய அவருடைய ஓவியங்கள் இன்றும் போற்றப்படுகின்றன. சோழமண்டலத்தைச் சேர்ந்த ஓவியர் கே. தாமோதரனை 1968ஆம் ஆண்டில் மணந்தார். மறு ஆண்டே பேறுகாலத்தில் உயிர் நீத்தார். அவர் இன்னும் முப்பது ஆண்டுகள் வாழ்ந்திருந்தால் எத்தனை ஓவியங்கள் பிறந்திருக்கும்! கலையை ஆதரிப்பது என்றால் பரிசும் பொன்னாடையும் மட்டுமல்ல. கலை படைக்கும் பெண்ணின் உடல்நலத்தைக் காப்பதும் அதில் அடங்கும்.

இன்றைய நிலை

பணிக்கர் 1977ஆம் ஆண்டில் மறைந்தார். அவருடைய மகனும் சிற்பியுமான எஸ். நந்தகோபால் ஊரின் பொறுப்பைப் பல்லாண்டுகள் சுமந்து, 2017ஆம் ஆண்டில் மறைந்தார். 2009ஆம் ஆண்டில் அங்கே நிலையான ஓவியக் காட்சியகம் திறக்கப்பட்டது. ஈஞ்சம்பாக்கம் 2011ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. சவுக்குத் தோப்புகள் இருந்த இடங்களில் மாளிகைகள் எழுந்துவிட்டன. ஓவியன் ஒருவன் இன்று அங்கே புதிதாக மனை வாங்குவது கனவிலும் இயலாது. முன்னோர் மணலாக இருந்தபோதே சேர்ந்து வாங்கியதால்தான் கலைக்கு அங்கே ஒரு கூரை எஞ்சியிருக்கிறது.

நமக்கு என்ன பாடம்?

திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் நம் சமுதாயப் பெண்கள் கோரைப்புல்லில் நெய்யும் மென்பாய் உலகப் புகழ் பெற்றது. கணவன் தறியில் அமர, மனைவி கோரை கோக்கும் வீடுகளும் அங்கே உண்டு. அவர்களும் கலைஞர் தம்பதியரே! ஆயினும் பாயைப் புகழும் நாம், நெய்தவரின் பெயரைக் கேட்பதுண்டா? பேரம் பேசாமல் விலை கொடுப்பதுண்டா?

உங்கள் மகன் வரைகிறானா? மகள் பூத்தையலில் வல்லவளா? தடுக்காதீர்கள். கலையோடு ஒரு கைத்தொழிலையும் கற்றுக்கொடுங்கள். தனியே விடாமல், அத்தொழிலில் உள்ளோருடன் கூட்டாகச் சேர்த்துவிடுங்கள். பொதுப் பட்டறை, பொது விற்பனை, சொந்தக் கூரை ஆகிய மூன்றும் அமைந்தால், கலைஞரின் வீட்டிலும் அடுப்பு எரியும். அதை எவர் தயவையும் நாடாமல் எரியச் செய்யலாம்.